பழுதான வண்டியைச் சுற்றி நிற்காதீர்கள்

மேலூர்ப் பக்கம், நான்குவழிச் சாலையோரம், இருபத்திரண்டு ஆண்டுகளாக வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். நடுவழியில் நின்றுவிட்ட வண்டியைத் தேடிப் போகும்போதெல்லாம் என் கவலை இஞ்சினைப் பற்றியதன்று. அந்த வண்டியைச் சுற்றி எத்தனை பேர் நின்றுகொண்டிருப்பார்களோ என்பதுதான்.

சென்ற ஆண்டு கத்திரி வெயில் காலத்தில், பிற்பகல் இரண்டு மணியளவில், கொட்டாம்பட்டியைக் கடந்து மதுரை நோக்கி வந்த ஒரு குடும்பத்தின் கார் ஆவி கக்கி நின்றுவிட்டது. வெப்பத்தைக் காட்டும் முள் வெகுநேரமாக ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டும், மேலூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டி வந்ததாக அதன் உரிமையாளர் பிறகு என்னிடம் வருந்தினார். நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் பானெட்டைச் சூழ்ந்திருந்தனர். ஒருவர் கையில் தண்ணீர்க் குடம் இருந்தது. இன்னொருவர் ரேடியேட்டர் மூடியைத் திருகுவதற்காக ஈரத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். காரின் வலப்புறச் சக்கரங்கள் ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே நின்றன. பிள்ளைகள் இருவரும் இன்னமும் பின்னிருக்கையில்தான் இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் சரியானதைச் சொன்னவர், புளியமரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி. "தாயி, வண்டி கெடக்கட்டும், பிள்ளைகள மொதல்ல இங்கிட்டுக் கொண்டா" என்று அவர் கூவிக்கொண்டே இருந்தார்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். பிற்பகல் அயர்ச்சியில் வரும் ஓட்டுநருக்கு, முன்னால் தெரியும் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்பது நெருங்கிய பிறகே உறைக்கும். ஆகையால் வண்டி நின்றதும், இண்டிகேட்டர்கள் அனைத்தையும் ஒருசேர மின்னவிட்டு, போக்குவரத்து இல்லாத இடப்புறக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். காருடன் கொடுத்த சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பத்தடி பின்னால் வைப்பதில் பயனில்லை; நூறு மீட்டராவது தள்ளி வையுங்கள், அதற்கும் மண் ஓரமாகவே நடந்து செல்லுங்கள். உதவ ஓடிவரும் நல்ல மனிதர்களையும் தடுப்புக் கம்பிக்கு அப்பால் அழைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அவர்கள் உங்களுக்காகத்தான் அந்தச் சாலையில் நிற்கிறார்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் ரோந்து வண்டியும் மீட்பு வண்டியும் கிடைக்கும். அழைப்பவர் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கம் தெரியாமல் வருகிற வண்டி, எதிர்ப்பக்கத்தில் நின்று, அரளிச் செடிகளுக்கு அப்பால் உங்களைப் பார்த்துவிட்டு, திரும்பும் இடம் தேடி நெடுந்தூரம் போக நேரிடும். இந்த இடத்தில் உள்ளூர் மக்களின் உதவிக்கு ஈடே இல்லை. தொலைபேசியை அவர்களிடம் கொடுத்தால், எந்தப் பாலம், எந்தக் கோயில் வளைவு என்று பிசகின்றிச் சொல்லிவிடுவார்கள்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடிய ரேடியேட்டருக்குள் நீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி, அத்தனையும் கொதித்துப் பீறிடும். என் பட்டறையில் வேலை பழகிய ஒரு தம்பிக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. ஈரத்துண்டு காப்பாற்றாது. கொதிக்கும் இஞ்சின்மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் இஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும். இஞ்சினை நிறுத்தியபின் அரைமணி நேரமாவது காத்திருப்பதே சரி. அதற்கிடையில் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கக்கூடும் என்பதால் விரலை அருகில் கொண்டுபோகவும் கூடாது.

அன்று பழுது சிறியதுதான். மேல் ரப்பர் குழாய் இறுகிக் காய்ந்து, கிளிப்பை ஒட்டி நகக்கண் அளவுக்கு வெடித்திருந்தது. இஞ்சின் ஆறியபின், வெடித்த முனையை இரண்டு விரல் அகலம் அறுத்துவிட்டு மீண்டும் பொருத்தி, குடத்துத் தண்ணீரையே நிரப்பினோம். அது பட்டறை வரை வருவதற்கு மட்டுமே. அங்கே குழாயை மாற்றி, கூலன்ட் நிரப்பி அனுப்பினேன்.

புறப்படுமுன் இன்னொரு வேலை இருந்தது. முக்கோணம் சாமான்களுக்கு அடியில் சிக்கியிருந்ததால், ஊர் இளைஞர்கள் வேப்பந்தழையை ஒடித்துப் போட்டு, அது பறக்காமலிருக்கக் கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். வண்டிகள் நகர்ந்தபின் இப்படிக் கிடந்த கற்களில் இரவில் இருசக்கர வாகனம் ஏறிக் கவிழ்ந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும், காரின் உரிமையாளரும் அந்த இளைஞர்களுமாக மண் ஓரத்திலேயே நடந்துபோய், வண்டிகள் ஓயும் நேரம் பார்த்து, கற்களையும் தழையையும் அகற்றிப் பள்ளத்தில் போட்டார்கள். கடைசிக் கல்லும் போன பிறகே பிள்ளைகளைக் காரில் ஏற்றினோம்.