வூல் வாங்க முதல் பெர்மிட்: கொழும்புல வீட்டில நூல் நூற்க நினைக்கிற ஆக்களுக்கு

ராட்டையோ தக்களியோ வச்சு வீட்டில வூல் நூற்று சாயம் போட்டு விக்கலாம்னு யோசிக்கிறவங்க முதல்ல கேக்கிறது லோன் கிடைக்குமா, சாமான் ஏதும் தருவாங்களான்னுதான். அதெல்லாம் பிறகு பார்ப்பம். முதல்ல வூல் எங்க இருந்து வரப்போகுது, அதுக்கு அனுமதி இருக்கா, அதைப் பாருங்க.

ஏன்னா நம்ம நாட்டு ஆட்டுல நூற்கிற மாதிரி வூல் இல்ல. யாழ்ப்பாணத்து செம்மறிய தொட்டுப் பார்த்தா தெரியும், கட்டையான நேர் மயிர்தான், சுருளே இல்ல, ரெண்டு விரலுக்குள்ள வச்சு முறுக்கினா ஒன்டோட ஒன்டு பிடிக்காம வழுக்கிட்டுப் போகும். அது இறைச்சிக்கு வளர்க்கிற ஆடு. அதனால வூல் வெளியில இருந்துதான் வரணும். மலையகத்துல இருந்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோட போய் இந்தியாவுல கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்க நிறைய பேருக்கு இருக்காங்க, நீலகிரி ஆடு நல்ல வூல் தர்ற இனம், அங்க சாண்டிநல்லால ஆராய்ச்சி நிலையமே இருக்கு, அப்ப வரும்போது ஒரு பேக்ல போட்டு கொண்டு வரச் சொல்லலாமேன்னு தோணும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்க.

1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டப்படி விலங்கு மட்டுமில்ல, விலங்குல இருந்து வர்ற பொருளுக்கும் கால்நடை உற்பத்தி சுகாதார திணைக்களத்துட அனுமதி வேணும், திணைக்களம் பேராதனையில கெட்டம்பேல இருக்கு. அந்த பெர்மிட் சாமான் கப்பல் ஏற முதல் கையில இருக்கணும், வந்த பிறகு எடுப்பம்னு நினைச்சா சரிவராது. அனுப்புற நாட்டு அரச கால்நடை வைத்தியர் குடுக்கிற சுகாதார சான்றிதழும் கூட வரணும். துறைமுகத்துலயும் கட்டுநாயக்கவுலயும் இருக்கிற விலங்கு தடுப்புக்காப்பு (குவாரண்டைன்) அலுவலகம் இதெல்லாம் பார்த்துட்டுத்தான் விடும்.

இது சும்மா அலைக்கழிக்கப் போட்ட சட்டம் இல்ல. வெட்டின அப்படியே இருக்கிற வூல்ல எண்ணெய், சாணி, மண் எல்லாம் ஒட்டியிருக்கும், ஆடு மாட்டுக்கு வர்ற கால் வாய் நோய்க் கிருமியும் அதோடயே வரலாம், அந்த்ராக்ஸ் கூட வூல் தரம் பிரிக்கிற ஆக்களுக்கு வந்த நோய்தான். உலக விலங்கு சுகாதார அமைப்பு கால் வாய் நோய்க்கு சொல்ற வழியில ஒன்டு 60–70 பாகை சூட்டுல சோப்புத் தண்ணியில தொழிற்சாலை முறையில கழுவுறது, இன்னொன்டு சும்மா வச்சிருக்கிறது, 4 பாகைன்னா 4 மாசம், 18ன்னா 4 கிழமை, 37ன்னா 8 நாள். இதை வீட்டில நாமளே செஞ்சா கணக்கில்ல, அனுப்புற இடத்துல செஞ்சு சான்றிதழ்ல எழுதியிருக்கணும்.

அதனால புதுசா தொடங்குற ஆளுக்கு நான் சொல்றது, கழுவி சீவின, அதாவது இழை பிரிச்சு நேராக்கின வூலையே வாங்குங்க. கழுவாததுல அழுக்கும் எண்ணெயும் சில நேரம் மூன்றில ஒரு பங்குக்கு மேலேயும் இருக்கும், அந்த நிறைக்கும் சேர்த்துத்தான் கூலி கட்டப் போறீங்க. சுங்கத்துல சாமானை வகை பிரிக்கிற எச்.எஸ். கோட்லயும் சீவினதும் சீவாததும் வேற வேற, சீவாத வூல் 5101, சீவினது 5105, சில்லறைக்கு சுத்தி வச்ச வூல் நூல் 5109. வரி இந்த கோட் வச்சுத்தான் வரும், அதனால விக்கிறவர்ட்ட பில்லுல கழுவினதா சீவினதான்னு தெளிவா எழுதச் சொல்லுங்க, வெறுமனே வூல்னு எழுதினா கவுண்டர்ல நீங்கதான் விளங்கப்படுத்தணும்.

வூல் கைக்கு வந்த பிறகுதான் மற்றதெல்லாம். வியாபாரப் பெயர் பதிவுக்கு ஜீ.எஸ். (கிராம சேவகர்) கிட்ட உறுதிப்படுத்தி எடுத்துட்டு பிரதேச செயலகத்துல விசாரிங்க. கைவினைக்காரரா பதிவு செய்றதுன்னா தேசிய அருங்கலைகள் பேரவை, 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துல வந்தது, லக்சலவும் அதே சட்டத்துக்குள்ளதான். சில்ப அபிமானி கைவினைப் போட்டிய நடத்துறதும் பேரவைதான், முதல் மாகாண மட்டம், பிறகு தேசிய மட்டம். பேரவைக்குப் போகும்போது சும்மா போகாதீங்க, நூற்ற நூல் கழி ஒன்டு, சாயம் போட்டது ஒன்டு, பின்னி முடிச்ச சாமான் ஒன்டு கொண்டு போங்க, கையில குடுத்துக் காட்டினா பேச்சு வேற மாதிரி இருக்கும்.

சாயம் பத்தி ஒன்டு. மஞ்சள், வெங்காயத் தோல், கடுக்காய்னு போட்டாலும் நிறம் நிக்க படிகாரம் போடுவோம், சிலர் துருசும் (செம்பு சல்பேட்) போடுறாங்க, துருசுத் தண்ணிய கானுக்குள்ள ஊத்தக் கூடாது, அதுல செம்பு இருக்கு, மீனுக்கு நஞ்சு. சாயத் தொழில் பெருசானா 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்குள்ள வந்துடும், சின்ன அளவு தொழில்களுக்கு சுற்றாடல் அனுமதிப்பத்திரம் குடுக்கிறது மாநகர சபை மாதிரி உள்ளூராட்சி மன்றம், பெரிய அளவுன்னா பத்தரமுல்லையில இருக்கிற மத்திய சுற்றாடல் அதிகார சபை. ஆள் வச்சு செய்ய முதல் இதைக் கேட்டு எழுத்துல பதில் வாங்கிடுங்க.

எல்லா இடத்துலயும் படிவம் சிங்களத்துல நீட்டினா பயந்து யாரையாவது காசு குடுத்து நிரப்பச் சொல்ல வேண்டாம். அரசியலமைப்புட 22ஆம் உறுப்புரைப்படி கொழும்புல இருக்கிற எந்த அரச அதிகாரிக்கும் நீங்க தமிழ்ல எழுதலாம், பதிலையும் தமிழ்லயே கேட்டு வாங்கலாம். கடிதத்துல மேல ஒரு வரி, "பதிலை தமிழில் தரவும்"னு போட்டு, உங்கட பிரதியில திகதியோட சீல் அடிச்சு வாங்கி வச்சுக்கங்க.