மெலிந்தவள் என்பதற்காக மேலே ஏற்றாதீர்கள்

ஓணம் நெருங்கும் வாரங்களில் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வீங்கிய மணிக்கட்டுகளும் இடுப்பு வலிகளும் வரிசையாக வந்துவிடுகின்றன. பெரும்பாலும் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். சிலர் பாலக்காட்டுக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சிலர் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் தினமும் பஸ்ஸில் போய்வருகிறார்கள். ஓண விழா, விளையாட்டு விழா, கல்லூரிகளுக்கிடையிலான போட்டி என்று ஏதாவது ஒன்றுக்காகச் சியர்லீடிங் அணியில், அதாவது கோஷம் போட்டு ஆடிக்கொண்டே ஒருத்தியை மற்றவர்கள் கைகளில் தூக்கி நிறுத்தும் அணியில், ஆடுகிறார்கள். ஆடட்டும், நன்றாக ஆடட்டும். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கீழே நின்று தாங்கிக்கொண்டிருந்த பெண்ணை மேலே ஏற்றுவதையும், மேலே நின்றவளைக் கீழே இறக்கித் தாங்கச் சொல்வதையும்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சமீபத்தில் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு வருடமாக அணியில் பேஸ், அதாவது கீழே நின்று பாதத்தைத் தாங்குகிறவள். டெங்கு வந்து படுத்து எழுந்ததில் எடை குறைந்திருந்தது. வழக்கமாக மேலே நிற்கும் ஃப்ளையருக்கு அந்த வாரம் தேர்வு. பயிற்சி கொடுத்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "நீதான் இப்போது மெலிந்திருக்கிறாயே, நீ ஏறு" என்றாராம். தேர்வு முறை அவ்வளவுதான். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு, சிமென்ட் மேடை, பழக்கமில்லாத இடம். மேலிருந்து மல்லாந்து, கீழே நிற்பவர்களின் கைகளில் விழ வேண்டிய கட்டத்தில் பயந்துபோய் ஒரு கையைப் பின்னால் ஊன்றப் பார்த்திருக்கிறாள். பிடிக்க நின்றவர்களால் பாதி உடம்பைத்தான் பிடிக்க முடிந்தது. மீதிப் பாரம் முழுவதும் அந்த உள்ளங்கை வழியாகத் தரையில் இறங்கியது.

அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. வீட்டில் சுளுக்கு என்று முடிவுகட்டி, எண்ணெய் போட்டு உழிச்சல் செய்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை என்று என்னிடம் வந்தாள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் சிறு குழியில் அழுத்தியதும் துடித்துப்போனாள். அங்கே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற மணிக்கட்டு எலும்பில் முறிவு. விழுந்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது மிகவும் சகஜம். அதனால்தான் அந்தக் குழியில் வலி இருந்தால் முறிவு என்றே எண்ணிக் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாளில் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறோம். இந்தச் சிறிய எலும்புக்கு ரத்தம் ஒரு பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் போகிறது. முறிவை அசைத்துக்கொண்டே இருந்தால் எலும்பு கூடாது. ஒரு துண்டு செத்துப்போகவும் கூடும். உழிச்சல் வைத்தியர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விழுந்து வீங்கிய மணிக்கட்டை முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை யாரும் தேய்க்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். மெலிந்தவள் மேலே, உடம்பு போட்டவள் கீழே என்று எந்த அணியைக் கேட்டாலும் சொல்கிறார்கள். எடைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கீழே நிற்பவர்களின் கைகளுக்கு, எவ்வளவு எடை என்பதைவிட அந்த எடை எங்கே நிற்கிறது என்பதுதான் பெரிது. பாதத்துக்கு நேர் மேலே இடுப்பு, இடுப்புக்கு நேர் மேலே தோள் என்று உடம்பை விறைப்பாக வைத்திருக்கத் தெரிந்தவள் 50 கிலோ இருந்தாலும் தாங்கலாம். 42 கிலோப் பெண் இடுப்பில் மடங்கினால், ஒரு முழங்காலைத் தளர்த்தினால், கால் வழுக்குகிறதா என்று கீழே குனிந்து பார்த்தால், பாரம் ஒரு பக்கமாக நகர்ந்து ஒரே ஒருத்தியின் மணிக்கட்டில் போய் இறங்குகிறது. மரச்சட்டத்தைத் தூக்குகிறவருக்கும் பாதி நிரம்பிய நெல் மூட்டையைத் தூக்குகிறவருக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மேலே நிற்பதற்கு வேண்டியது தொடை, வயிறு, முதுகுத் தசைகளை ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிக்கும் திறன். கண்ணை நேரே ஒரு புள்ளியில் நிறுத்தும் பழக்கம். விழும்போது கைகளை உடம்போடு அணைத்துக்கொள்ளும் துணிவு. இவற்றில் எதையும் எடை இயந்திரம் காட்டாது. டெங்குவில் இளைத்த உடம்பில் முதலில் போயிருப்பதே அந்தத் தசை இறுக்கம்தான்!

"அவள் டீமில் பழைய ஆள்தானே" என்பது அடுத்த சமாதானம். பழைய ஆள் என்பதே இங்கே ஆபத்து. இரண்டு வருடம் கீழே நின்றவளுக்குக் கைகளை நீட்டிப் பிடிப்பது அனிச்சையாகிவிட்டிருக்கும். பார்வை எப்போதும் அடுத்தவரின் உடம்பில் இருக்கும். மேலே ஏறியதும் அந்த அனிச்சைதான் கையைத் தரைக்கு நீட்டுகிறது, கண்ணைக் கீழே இழுக்கிறது. புதிதாகச் சேர்ந்தவளுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. பழையவள் ஒன்றை மறந்து இன்னொன்றைக் கற்க வேண்டும். ஆகவே அவளுக்குக் கூடுதல் நாள் கொடுங்கள். கொடுப்பதோ அரை மணி நேரம்.

மேலிருந்து கீழே வருகிறவளின் கதை வேறு. இவளுக்கு விழுகிற பயம் இல்லை. வலி மெதுவாக வரும். கைகளைத் தலைக்கு மேல் நேராக நீட்டுவதற்குத் தோள் இடம் கொடுக்காவிட்டால், இடுப்பை முன்னால் தள்ளி முதுகை வளைத்துச் சரிக்கட்டுவாள். அப்படி வளைந்த முதுகோடு நாளுக்கு ஐம்பது முறை தூக்கினால், வளரும் வயதில் கீழ்முதுகு முள்ளெலும்பின் பின்பக்கத்து மெல்லிய பகுதியில் விரிசல் விழக்கூடும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயும்போது கீழ்முதுகில் ஒரு பக்கம் சுரீரென்று வலித்தால் அதை உட்கார்ந்து படித்ததால் வந்த வலி என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் குறையாத முதுகுவலியோடு வரும் பள்ளிப் பிள்ளையை எலும்பு மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். தூக்குவது காலால், முதுகால் அல்ல. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ! தசை சில வாரங்களில் பலம் கூட்டிக்கொள்ளும். தசைநாணும் எலும்பும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். அதனால்தான் முதல் வாரம் எல்லாம் சுலபமாக இருந்து மூன்றாவது வாரத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்குகிறது.

மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது. வேறு எதற்கும் சரிப்படாதவளை நிறுத்தும் இடமாக அதை நடத்துகிறார்கள். பேக் ஸ்பாட், அதாவது பின்னால் நிற்பவள். ஃப்ளையரின் தலையும் கழுத்தும் தோளும் அவள் பொறுப்பு. ஃப்ளையர் ஏறிய நொடியிலிருந்து இரண்டு பாதமும் தரையில் ஊன்றும்வரை அவள் கண் வேறெங்கும் போகக் கூடாது. கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. அணியிலேயே நிதானமும் உயரமும் வேகமான கையும் உள்ளவளைத்தான் அங்கே நிறுத்த வேண்டும். ஃப்ளையர் மாறிய வாரத்தில் பேக் ஸ்பாட்டையும் சேர்த்து மாற்றுகிறவர்களை என்ன சொல்வது? ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

சியர்லீடிங்கை இன்னும் நடனத்தின் இடைச்செருகலாகவே பலர் நினைக்கிறார்கள். 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதன் உலகக் கூட்டமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. விளையாட்டுக்குரிய படிநிலை விதிகள் அதற்கு உண்டு. தொடக்க நிலை அணி, கைகளை முழுதாக நீட்டித் தலைக்கு மேல் ஒருத்தியைத் தூக்க அந்த விதிகள் அனுமதிப்பதில்லை. 2006 மார்ச்சில் அமெரிக்காவின் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கூடைப்பந்துப் போட்டியின் நடுவே மனிதப் பிரமிடிலிருந்து தலைகீழாக விழுந்தார். கழுத்து முள்ளெலும்பில் விரிசல், மூளை அதிர்ச்சி. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போதும் அவர் கையசைத்து ஆடிய காட்சியைப் பலர் வீரமாகப் பகிர்ந்தார்கள். அதன்பிறகு பாய் விரிக்காத கூடைப்பந்துத் தளத்தில் உயரமான பிரமிடுகளுக்குத் தடை வந்தது என்பதைப் பகிர்ந்தவர்கள் குறைவு. நம் பிள்ளைகளோ பாயே இல்லாமல் சிமென்ட் மேடையிலும், கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும் ஆடி மாதத்தில் திறந்த மைதானத்திலும் ஏறுகிறார்கள். ஓணத்துக்குக் கட்டும் கேரளச் செட்டுப் புடவையோடு ஏற்றிய அணியும் உண்டு. கொலுசு, வளையல், நீண்ட நகம், வாயில் சூயிங்கம், வழுக்கும் துணி எதுவும் கூடாது. இதையெல்லாம் ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் முதல் நாள் தரையில் தொடங்குங்கள். மேலே போகப்போகிறவள் தரையிலேயே விறைப்பாக நின்று பழகட்டும். இருவர் தோளைப் பிடித்து அசைத்தாலும் உடம்பு ஒரே கட்டையாக நகர வேண்டும். மல்லாந்து விழுந்து பிடிபடுவதை இடுப்பு உயரத்திலிருந்து, தடித்த பாயின் மேல், கைகளை மார்போடு சேர்த்துப் பழக்குங்கள். அவள் பயப்படாமல் விழுகிற நாள்வரை தோளுயரத்துக்குப் போகாதீர்கள். எல்லோருக்கும் தெரியும்படி இறக்கு என்று ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். அதை யார் சொன்னாலும், சொன்னவள் அணியிலேயே இளையவளாக இருந்தாலும், அந்த நொடியே இறக்க வேண்டும். கீழே வந்தவளுக்கு முதலில் ஆளில்லாமல் கை, கால் அசைவு, பிறகு லேசான எடை, அதன்பிறகு ஆள். களைத்த பிறகு கடைசியாக ஒருமுறை என்று கேட்காதீர்கள். காய்ச்சலிலிருந்து எழுந்தவளை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இரண்டு இடத்திலும் நிறுத்தாதீர்கள். விழாவுக்கு மூன்று வாரம்கூட இல்லையென்றால் ஆளைத் தூக்கும் அந்த ஸ்டன்டையே எடுத்துவிடுங்கள். குதிப்பும் கையசைவும் கோஷமும் போதும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் குறையாது.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. சிறிது உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறுவது கிடையாது. நினைவு தப்பவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தூங்கித் தூங்கி விழுந்தால், பேச்சு குழறினால், கையோ காலோ மரத்தால் உடனே மருத்துவமனை. கழுத்து வலிக்கிறது என்றால் யாரும் தூக்கி நிமிர்த்தாதீர்கள். அசைக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அம்மாக்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். மேலே நிற்கும் இடத்தைத் தக்கவைத்துக்கொள்வதற்காக உங்கள் மகள் இரவில் சாப்பிடுவதை நிறுத்தியிருக்கலாம். கீழே இறக்கப்பட்டதை "நான் குண்டாகிவிட்டேன்" என்று அர்த்தப்படுத்திக்கொண்டு பட்டினி கிடக்கும் பெண்களையும் பார்க்கிறேன். சத்துப் போதாத உடம்பில் மாதவிலக்கு தள்ளிப்போகும், பிறகு நின்றுபோகும். எலும்பு தன் பலத்தைச் சேமிக்க வேண்டிய வயதில் அதை இழக்கத் தொடங்கும். அப்படிப்பட்ட எலும்பு சின்ன விழுகைக்கே முறியும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால், பயிற்சி அதிகம் அதனால்தான் என்று விட்டுவிடாமல் மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அணியில் யாரும் பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் எடை பார்க்கக் கூடாது என்று பயிற்சியாளரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை அவள் தரையில் நின்று ஆடட்டும்.