ஒரு பழைய வழக்கும் வெறுமையாக விடப்பட்ட கட்டமும்

சென்ற மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாயும் மகனும் புதுக்கடையிலுள்ள என் சட்டத்தரணி அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். பிரித்தானியாவில் தாதியர் கற்கைநெறிக்கான விண்ணப்பப் படிவம் முழுவதும் நிரப்பப்பட்டிருந்தது. குற்றத்தீர்ப்பு ஏதும் உண்டா என்று கேட்கும் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. 19 வயதில் மைதானத்தில் நடந்த கைகலப்பில் ஒருவருக்குச் சிறுகாயம் விளைவித்ததாக மகன்மீது வழக்கு வந்து, அவர் குற்றத்தை ஏற்றுத் தண்டப்பணம் கட்டியிருந்தார். “ஆறு வருசமாச்சு சேர், இல்லை எண்டு எழுதினா யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் தாய்.

பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்கும்போதே அது தெரியவரலாம். வராவிட்டாலும், கைகலப்பு ஓர் இளைஞனின் அவசரம் என்று விளங்கிக்கொள்ளப்படக்கூடும். இன்று கையொப்பமிட்டு எழுதும் பொய்யை எந்தத் தெரிவுக் குழுவும் அப்படி எடுத்துக்கொள்ளாது. நம் நாட்டிலும் 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, போதிய அறிவும் ஆற்றலும் உள்ளவராக மட்டுமன்றி நன்மதிப்புள்ளவராகவும் இருப்பவரையே சட்டத்தரணியாகச் சேர்க்கச் சொல்கிறது. பொய்யான சத்தியக்கடதாசியோ தனியாக ஒரு குற்றம்.

கேள்வியின் சொற்களை நிதானமாக வாசியுங்கள். “குற்றத்தீர்ப்பு உண்டா” என்பதும் “எப்போதாவது குற்றஞ்சாட்டப்பட்டீர்களா” என்பதும் வெவ்வேறு கேள்விகள். விடுவிக்கப்பட்டவர் முதலாவதற்கு ‘இல்லை’ என்றும் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றும் எழுத வேண்டிவரும். பிரித்தானியாவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் பழைய தண்டனைகள் பலவற்றைக் காலப்போக்கில் சொல்லத் தேவையற்றவையாக்கினாலும், நோயாளருடன் பழகும் தொழில்களுக்கு அந்தச் சலுகை முழுமையாகக் கிடைப்பதில்லை.

என்னை அதிகம் வருத்துவது அந்த மகனின் வழக்கு நாளன்று காலை நீதவான் நீதிமன்றத்தில் நடந்ததுதான். ஒரே நாளில் முடிந்தால் போதும் என்று சட்டத்தரணி இல்லாமலே குற்றத்தை ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகளை நான் அடிக்கடி காண்கிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டாலும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் வயதையும் நடத்தையையும் குற்றத்தின் அற்பத் தன்மையையும் கருத்திற்கொண்டு, குற்றத்தீர்ப்பளிக்காமலே அவரை எச்சரித்து விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. அந்த வேண்டுகோளை முன்வைக்க அன்று அந்த மகனின் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

நீதிமன்றப் பதிவறையில் வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியைப் பெற்றோம். விண்ணப்பத்தோடு இணைக்கும் விளக்கக் கடிதத்தை அவரையே எழுதச் சொன்னேன். முதற்பிரதியில் பழியெல்லாம் நண்பன்மீது இருந்தது. இரண்டாவதில், “நான் அடித்தேன்” என்று தொடங்கியிருந்தார். அதையே அனுப்பினோம்.

எழுந்து போகும்போது தாய் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். தலைக்கவசம் அணியாததற்காக இளைய மகனுக்குப் பொலிஸார் எழுதிக் கொடுத்த தண்டப் பத்திரம் அது. தபாலகத்தில் கட்டுவதற்கான 14 நாட்களில் மூன்று மீதமிருந்தன. கட்டாமல் விட்டால் அதுவும் நீதிமன்றத்துக்குப் போகும் என்று சொல்லி, அன்றே தபாலகத்துக்கு அனுப்பிவைத்தேன்.