புள்ளி எப்படி இதயமாகிறது?

ஈஸ்டருக்கு முட்டை வடிவ சுகர் குக்கீ செய்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “மஞ்சள் ஐசிங் காய்வதற்குள் அதன்மேல் வெள்ளைப் புள்ளி வைத்தேன். பல்குத்தும் குச்சியால் நடுவில் ஒரு இழுப்பு. புள்ளி அப்படியே இதயமாகிவிட்டது! இரண்டு நிறமும் கலந்து கலங்கியிருக்க வேண்டாமா? ஆனால் பாதி இதயங்கள் கோணலாக வந்தன. அதற்கு என்ன காரணம்?”

கலக்காததுதான் இதில் அதிசயம். அங்கே போவதற்கு முன் ஐசிங்கைப் பார்த்துவிடலாம்.

குக்கீ அலங்காரத்துக்குப் பயன்படும் ராயல் ஐசிங்கில் இருப்பது முட்டை வெள்ளைக்கருவும் பொடித்த சர்க்கரையும்தான். (பச்சை முட்டை வேண்டாம் என்பவர்கள் பாஸ்சரைஸ் செய்த வெள்ளைக்கருவையோ உலர்த்திய வெள்ளைக்கருத் தூளான மெரிங்கு பவுடரையோ எடுத்துக்கொள்ளலாம்.) ஒரு முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 30 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அறை வெப்பநிலையில் தண்ணீர் தன் எடையைப் போல இரண்டு மடங்கு சர்க்கரையைக் கரைக்கும். கணக்குப் போட்டால் 54 கிராம் வருகிறது. நாம் போடுவதோ 150 கிராமுக்குக் குறையாது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை கரையாமல், நுண்ணிய துகள்களாக, கெட்டிப் பாகில் மிதந்துகொண்டிருக்கிறது. ஐசிங் என்பது ஒருவகைச் சேறு! நாலு சொட்டுத் தண்ணீர் கூடினால் சட்டென்று இளகி ஓடுவதும் இதனால்தான். துகள்களுக்கு இடையே கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு நகர ஆரம்பித்துவிடும்.

பரப்புவதற்கான பதம் சரியா என்று பார்க்க, கிண்ணத்தில் கத்தியால் ஒரு கோடு கிழித்து எண்ணுவார்கள். பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் கோடு மறைந்தால் சரி. புள்ளிக்கான ஐசிங்கும் அதே பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் மேடாக நிற்கும், நீர்த்திருந்தால் பரவிவிடும். ஒரே பதம் என்றால் புள்ளி மெதுவாக அமிழ்ந்து, அடியிலுள்ள ஐசிங்கோடு மட்டமாகிவிடும்.

இப்போது குச்சிக்கு வருவோம். தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டு அதன் நடுவே குச்சியை இழுத்துப் பாருங்கள். குச்சிக்குப் பின்னால் சுழல்கள் பிறந்து மையைப் பிய்த்துப் போட்டுவிடும். குச்சி நின்ற பிறகும் தண்ணீர் தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஐசிங்கில் இது எதுவும் நடக்காது. குச்சி நின்றால் ஐசிங்கும் நின்றுவிடும். ஓடும் வேகத்தின் உந்தலுக்கும் பிசுக்குமைக்கும் (அதாவது பிசுபிசுப்புக்கும்) நடக்கும் இழுபறியை ரெய்னால்ட்ஸ் எண் என்ற ஒரே எண்ணில் அடக்கிவிடலாம். எண் சிறியதானால் பிசுக்குமை ஜெயிக்கிறது என்று பொருள். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியை நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்தால், தண்ணீரில் இந்த எண் சுமார் 100. ஐசிங் தேன் அளவுக்குப் பிசுபிசுப்பாக இருப்பதாக வைத்துக்கொண்டால், நூறில் ஒன்றை ஒட்டி வரும். அவ்வளவு குறைந்த எண்ணில் சுழல் பிறக்க வழியே இல்லை.

சுழல் இல்லையென்றால் மிச்சம் இருப்பது இழுபடுதல் மட்டும். குச்சியைத் தொட்டிருக்கும் ஐசிங் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். சற்றுத் தள்ளியிருப்பது கொஞ்ச தூரம் வரும். இன்னும் தள்ளியிருப்பது அசையாது. இதை ஒரு வட்டத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். குச்சி நுழையும் பக்கத்தில், மஞ்சள் ஐசிங் வெள்ளைக்குள் தள்ளப்பட்டு ஒரு பள்ளம் விழுகிறது. வெளியேறும் பக்கத்தில் வெள்ளை இழுபட்டுக் கூராகிறது. அதிகம் நகராத இரண்டு ஓரங்களும் உருண்டையாகவே தங்கிவிடுகின்றன. மேலே பள்ளம், கீழே கூர், பக்கத்துக்கு ஒரு உருண்டை. இதயம் தயார். வடிவத்தை யாரும் வரையவில்லை, பிசுக்குமையே வரைந்துவிட்டது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இதயம் வந்ததும் குச்சியை எடுத்துவிடாமல், வந்த வழியே பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் அலங்கோலமாகத்தான் இருக்கும், ஆனால் புள்ளி கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிடும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1960களில் இதைப் படமெடுத்துக் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவே கிளிசரின், அதில் கொஞ்சம் சாயம். உள் உருளையைச் சுற்றினால் சாயம் இழுபட்டு அடையாளமே தெரியாமல் போகும். அத்தனை சுற்றையும் திருப்பிச் சுற்றினால் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். “சாயத்தை வைத்து விளையாடவா ஆராய்ச்சிப் பணம்?” என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. தலைமுடி அளவுள்ள குழாய்களில் ஒரு துளி ரத்தத்தைச் சோதிக்கும் சில்லுகளைச் செய்பவர்கள் இன்று இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். அங்கேயும் திரவங்கள் தாமாகக் கலப்பதில்லை. என்னைக் கேட்டால், இந்த மாதிரி விளையாட்டுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.

இதே இழுப்பை வைத்துப் பூவும் செய்யலாம். ஐந்து புள்ளிகளை வட்டமாக வைத்து, ஒவ்வொன்றையும் நடுவை நோக்கி இழுத்தால் ஐந்து இதழ். முட்டையின் குறுக்கே கோடுகள் போட்டு, ஒருமுறை மேலே ஒருமுறை கீழே என்று மாற்றி மாற்றி இழுத்தால் இறகு போன்ற வரி. குச்சியை ஒவ்வொரு இழுப்புக்கும் துடைத்துக்கொள்ளுங்கள். குக்கீ முழுதாக ஆறியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரே எதிரி நேரம். பரப்பிய சில நிமிடங்களிலேயே மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகி, சர்க்கரை படிகமாகி, ஏடு கட்டிவிடும். அதற்குப் பிறகு இழுத்தால் ஏடு சுருங்கிக் கிழியும். அதனால் எல்லாக் குக்கீகளிலும் பரப்பிவிட்டுப் புள்ளிக்கு வராதீர்கள், ஒவ்வொன்றாக முடியுங்கள். அடர்ந்த சிவப்பை வெள்ளைக்குப் பக்கத்தில் வைப்பதானால் மட்டும் அவசரம் வேண்டாம். சர்க்கரைத் துகள்கள் அசையாவிட்டாலும், சாய மூலக்கூறுகள் ஈரத்தின் வழியே இரவெல்லாம் ஊர்ந்து போகும். ஒரு நிறம் நன்றாகக் காய்ந்த பிறகு மற்றதை வையுங்கள்.

கோணல் இதயங்களா? குச்சி நடுவில் போகவில்லை, அவ்வளவுதான். பாதை இடப்பக்கம் ஒதுங்கினால் வலது உருண்டை பெருத்துவிடும். குச்சியைப் புள்ளிக்குள் குத்தித் தொடங்காமல், சற்று முன்னாலேயே மஞ்சளில் ஊன்றி, புள்ளியின் நடுவைப் பார்த்தபடி ஒரே வீச்சில் இழுத்துப் பாருங்கள்.