பதில் வராத கோரிக்கை: கடன் அட்டை வசூலை ஒரு மென்பொருள் திட்டமிடும் விதம்

மாதச் சந்தா வசூலிக்கும் நிறுவனம் ஒன்று, ஒரே இரவில் ஒரு லட்சம் கடன் அட்டைகளிலிருந்து பணம் எடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கோரிக்கைகளை அட்டை வழங்கிய வங்கிகளிடம் கொண்டுசேர்ப்பவை செயலாக்க நிறுவனங்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் நம்பியிருந்தால், அது முடங்கும் நேரத்தில் வசூல் முழுவதும் நின்றுவிடும் என்பதால், பலர் இரண்டு மூன்று நிறுவனங்களுடன் இணைப்பு வைத்துக்கொள்கிறார்கள். எந்தக் கோரிக்கை எப்போது, எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது திட்டமிடும் மென்பொருளின் பொறுப்பு.

தவணை வந்த கணக்குகளைத் திரட்டி வரிசையில் இடுவது எளிய வேலைதான். ஆயினும், 31ஆம் தேதி சேர்ந்தவரின் தவணை பிப்ரவரியில் 28க்கு வந்தபின் மார்ச்சில் மீண்டும் 31க்குத் திரும்ப வேண்டுமானால், அடுத்த தேதியை முந்தைய தவணையிலிருந்து அல்லாமல் சேர்ந்த தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். அடுத்து வழித் தேர்வு. அட்டை எண்ணின் முதல் 6 அல்லது 8 இலக்கங்கள் வழங்கிய வங்கியைக் காட்டிக்கொடுப்பதால், அந்த வங்கியிடம் எந்த வழி அதிகமாக வெற்றி பெற்றிருக்கிறது, எதில் கட்டணம் குறைவு என்று பார்த்துப் பிரிக்கலாம். ஆனால் அட்டை எண்ணுக்குப் பதிலாக ஒரு செயலாக்க நிறுவனம் தரும் டோக்கன் பொதுவாக இன்னொன்றிடம் செல்லாது. ஆகவே மாற்று வழியை விரும்புவோர் அதற்கான டோக்கனையும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.

பதில் வந்துவிட்டால் முடிவெடுப்பது கடினமல்ல. 1987இல் முதன்முதலாக வெளியான ஐ.எஸ்.ஓ. 8583 என்ற தரத்தைப் பின்பற்றும் பதில் குறியீடுகளில் 51 என்பது போதிய பணமில்லை என்பதையும், 54 என்பது அட்டை காலாவதியானதையும், 91 என்பது வங்கியின் அமைப்பை எட்ட முடியவில்லை என்பதையும் குறிக்கும். 51 வந்தால் சில நாள் கழித்து முயல வேண்டுமே தவிர, உடனே வேறு வழியில் அனுப்புவதில் பயனில்லை. எந்த வழியில் போனாலும் விடை சொல்வது அதே வங்கிதான்.

உண்மையான சிக்கல் பதிலே வராதபோது தொடங்குகிறது. கோரிக்கை போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். சேர்ந்து இன்னும் செயலில் இருக்கலாம். பணம் எடுக்கப்பட்டு, விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அனுப்பியவருக்கு இம்மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். இதைத் தோல்வி என்று கருதி இரண்டாவது நிறுவனத்திடம் அனுப்பும் மென்பொருள், ஒருவரிடம் இரண்டு முறை பணம் எடுக்க வழிவகுக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்தால், அதே எண் மீண்டும் வரும்போது செயலாக்க நிறுவனம் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய விடையையே திருப்பித் தரும். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரு நிறுவனத்தின் சுவர்களுக்குள் மட்டுமே செல்லும்; முதலாமவரிடம் நடந்தது இரண்டாமவருக்குத் தெரியாது.

அதனால் நன்கு எழுதப்பட்ட மென்பொருள், அனுப்புவதற்கு முன்பே அடையாள எண்ணையும் வழியையும் தரவுத்தளத்தில் பதிந்துவிடுகிறது. பதில் வராவிட்டால் 'நிலை தெரியவில்லை' என்று குறித்து, அதே நிறுவனத்திடம் அதே எண்ணுடன் மீண்டும் கேட்கிறது. உறுதியான மறுப்பு கிடைத்த பிறகே வழி மாற்றுவதைப் பற்றி யோசிக்கிறது. அந்த நிறுவனம் மணிக்கணக்கில் முடங்கியிருந்தால் காத்திருப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. வசூல் ஒரு நாள் தள்ளிப்போவது நிறுவனத்துக்கு இடைஞ்சல். இருமுறை பணம் போவதோ, மாதக் கடைசியில் எண்ணிச் செலவழிப்பவருக்குத் துன்பம்.

வசூலை ஒப்புதல், பிடித்தம் என இரண்டு படிகளாகப் பிரித்தால் தவறைத் திருத்தச் சற்று இடம் கிடைக்கிறது. ஒப்புதல் தொகையை ஒதுக்கிவைக்கிறது. பிடித்தக் கோரிக்கைகள் அன்றைய தொகுதியில் சேர்கின்றன; அந்தத் தொகுதி குறித்த நேரத்தில் மூடப்பட்ட பிறகே பணம் கைமாறுகிறது. இரட்டை ஒப்புதலை அதற்குள் கண்டுபிடித்து ரத்து செய்தால், ஒதுக்கிய தொகை விடுவிக்கப்பட்டுவிடும்.

எஞ்சிய தவறுகள், உண்மையில் கைமாறிய தொகைகளைப் பட்டியலிட்டுச் செயலாக்க நிறுவனங்கள் அனுப்பும் தீர்வுக் கோப்புகள் வந்ததும் வெளிப்படும். தொகுதியை மூடும் நேரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், தேதியை நம்பாமல் அடையாள எண்ணை வைத்தே பதிவுகளை ஒப்பிட வேண்டும். 'நிலை தெரியவில்லை' என்றிருந்த வரிகளுக்கு அங்கேதான் விடை கிடைக்கிறது: கோப்பில் ஒருமுறை இருப்பது வசூலானது, இருமுறை இருப்பதில் ஒன்று திருப்பித் தர வேண்டியது.