‘வண்டியைப் பார்க்கலாமா?’ என்று போலீஸ் கேட்டால்

டெக்ஸாஸ் மாநிலத்தில் டல்லாஸிலிருந்து பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம் அது. கணவர் ஓட்ட, பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. ஐ-45 நெடுஞ்சாலையில் வேகம் கொஞ்சம் கூடிவிட்டதென்று போலீஸ் நிறுத்தியது. அபராதம்கூட இல்லை, எச்சரிக்கைச் சீட்டு மட்டும்தான். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் போன அதிகாரி, “அப்புறம், வண்டியை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டுமா?” என்றார்.

“ஷ்யூர் சார்” என்றார் நம்மவர்.

டிக்கியிலிருந்து அர்ச்சனைத் தட்டு, தேங்காய், புளியோதரை டப்பா எல்லாம் சாலையோரப் புல்லில் இறங்கின. ஜிப்லாக் கவரில் இருந்த விபூதியை டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார்கள். அதைக்கூட எப்படியோ விளக்கிவிட்டார்கள். மாட்டியது டாஷ்போர்டு பெட்டியில் கிடந்த மாத்திரை அட்டை. அம்மாவின் முழங்கால் வலிக்கு ஊர் டாக்டர் எழுதிக்கொடுத்த டிரமடால். அமெரிக்காவில் 2014 முதல் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அட்டையில் யார் பெயரும் இல்லை, மருந்துச் சீட்டு ஊரில் பீரோவுக்குள் இருந்தது. ஓட்டியவர் கையில் விலங்கு மாட்டினார்கள்.

“வாரன்ட் இல்லாம எப்படி சார் சோதிக்கலாம்?” என்பதுதான் அவர் வக்கீலான என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் ஐந்து நிமிடம் தாமதமாக வந்த கேள்வி.

காரணமில்லாமல் நம்மையும் நம் உடைமைகளையும் அரசு துழாவக்கூடாது என்கிறது 1791-இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம். அதை மீறி எடுத்த சாட்சியத்தை மாநில நீதிமன்றங்களிலும் பயன்படுத்தக்கூடாது என்று 1961-இல் மேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்னைப் போன்ற வக்கீல்களின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அதுதான். “இந்தச் சாட்சியத்தை ஒதுக்குங்கள்” என்று மனு போடுவோம். நீங்கள் சம்மதித்த சோதனை என்றால் பெரும்பாலும் அந்த மனு நிற்காது.

சம்மதிக்க மறுக்கலாம் என்பதைப் போலீஸ் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1973-இல் பஸ்டமான்டே வழக்கில் வந்த தீர்ப்பு இது. 1996-இல் ராபினெட் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது. ஓஹையோவில் 45 மைல் வேகப் பகுதியில் 69-இல் போனவரை நிறுத்தி, வாயால் எச்சரித்து, லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார். “இனி நீங்கள் போகலாம்” என்று முதலில் சொல்லியிருக்க வேண்டாமா? கட்டாயமில்லை என்றது நீதிமன்றம். கண்ணாடியில் சிவப்பும் நீலமும் மின்னிக்கொண்டிருக்கும்போது எவருக்கு ‘நாம் கிளம்பலாம்’ என்று தோன்றும்? என் பார்வையில் அந்தத் தீர்ப்பு நிஜ வாழ்க்கையை அறியாதது. ஆனால் இன்றும் அதுதான் சட்டம்.

மறுத்தால் தப்பு செய்தவன்போலத் தெரியுமே என்பார்கள். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று பழமொழியும் சொல்வார்கள். மடியில் என்ன இருக்கிறது என்பதே நமக்கு முழுசாகத் தெரியாது என்பதுதான் சிக்கல். போன வாரம் லிஃப்ட் கேட்டு வந்த நண்பன் சீட்டுக்கடியில் என்ன விட்டுவிட்டுப் போனான் என்று உங்களுக்குத் தெரியுமா? இன்னொன்று, நாம் தலையாட்டும் விதம். ஆமாவா இல்லையா என்று நமக்கே சில சமயம் புரியாது. வாயைத் திறக்காமல் தலையசைத்ததையும், தானே டிக்கியைத் திறந்துவிட்டதையும் சம்மதமாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அதனால் வாயால் சொல்லுங்கள்: “ஆஃபீசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்சஸ்.” மரியாதையாக, ஒரே தடவை போதும். அதன் பிறகு “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” என்று கேளுங்கள். லைசென்ஸ், பதிவுச் சீட்டு, இன்ஷூரன்ஸ் கேட்டால் காட்டத்தான் வேண்டும். இறங்கச் சொன்னால் இறங்கத்தான் வேண்டும். வலுவான காரணம் இருந்தால் வாரன்ட் இல்லாமலும் காரைச் சோதிக்க 1925-லிருந்தே அனுமதி உண்டு. மறுத்தும் சோதித்தால் கையைக் காலை நீட்டித் தடுக்காதீர்கள். நீங்கள் மறுத்தது போலீஸ் கேமராவில் பதிவாகியிருந்தால் எனக்குப் போதும், மிச்சச் சண்டையைக் கோர்ட்டில் நான் போடுகிறேன். சீட்டு எழுதி முடித்த பிறகு ஏழெட்டு நிமிடம் காக்கவைத்து மோப்ப நாயை விட்டதையே, சந்தேகப்பட நியாயமான காரணம் இல்லாமல் அப்படிச் செய்யக்கூடாது என்று 2015-இல் ரோட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசமும் உண்டு. நியூஜெர்சியில் சாலையோரத்தில் சம்மதம் கேட்பதற்கே முதலில் நியாயமான சந்தேகம் வேண்டும். அங்கே எடிசன் ஊரில் இருக்கும் உறவினர் சொன்னதை நம்பி டெக்ஸாஸில் வாதாடாதீர்கள்.

மௌனம் சம்மதம் என்பது நம்மூர் வழக்கு. இங்கே மௌனமாக இருக்கும் உரிமைக்கே வாய் திறக்க வேண்டும். 2010-இல் தாம்ப்கின்ஸ் வழக்கில், போலீஸ் விசாரணையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பெரும்பாலும் பேசாமல் இருந்தவர், அந்தப் பையனைச் சுட்டதற்குக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறாயா என்ற கேள்விக்கு “ஆமாம்” என்றார். அந்த ஒரு சொல் அவருக்கு எதிராகச் சாட்சியமானது. மௌனமாக இருக்கப்போகிறேன் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லையாம். “வக்கீல் இல்லாமல் பேச மாட்டேன்” என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பேசாமல் இருக்க வேண்டும்.

விசாவில் இருக்கும் எனக்கும் இதெல்லாம் உண்டா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். இங்கே வாழ்பவருக்கு உண்டு, குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் 18 வயது தாண்டியவர்கள் கிரீன் கார்டையோ ஐ-94 என்ற நுழைவுப் பதிவையோ கையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். விமான நிலையக் குடியேற்றச் சோதனையில் விதிகள் வேறு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

மீனாட்சி கோயிலுக்குக் கிளம்பியவரின் வழக்கு எட்டு மாதம் இழுத்தது. ஊர் டாக்டரிடமிருந்து கடிதமும் பழைய மருந்துச் சீட்டும் வரவழைத்துக் கொடுத்தோம், அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. அப்பாடா என்று எழுந்தவரை உட்காரச் சொல்லி, இனி விசா முத்திரைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் “எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?” என்ற கேள்விக்கு “ஆம்” என்றுதான் எழுத வேண்டும் என்று சொன்னேன். “கேஸ்தான் முடிஞ்சுபோச்சே சார்?” என்றார்.

கைது நடந்தது நடந்ததுதானே.