பூனை மூத்திரம் ஏன் நாள் ஆக ஆக நாறுகிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தெருவில் திரியும் கடுவன் பூனை ஒன்று விடியற்காலையில் வந்து, அவர் வீட்டு வாசற்கதவில் மூத்திரத்தைப் பீய்ச்சிவிட்டுப் போகிறதாம். கழுவிப் பினாயில் ஊற்றினால் அப்போதைக்கு நாற்றம் தெரிவதில்லை. சாயங்காலத்துக்குள் மெல்லக் கிளம்பிவிடுகிறது; மறுநாள் இன்னும் தூக்கலாக இருக்கிறது. “காயக் காய நாற்றம் குறையத்தானே வேண்டும், இது மட்டும் ஏன் கூடுகிறது? அதோடு, பூனை தன் கழிவை மண் போட்டு மூடும் சுத்தமான பிராணி என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நம் வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. எலிக்கு அது எமன்தான்; ஆனால் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு அதுவே இரை. ஆகவே தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கழிவை மூடிவைத்துத் தன் வாடையைக் குறைத்துக்கொள்கிறது. எல்லைக்குப் போனால் கதை தலைகீழ். பாதை பிரியும் இடத்தில், புல் மேட்டின் மேல், எல்லார் கண்ணிலும் மூக்கிலும் படும்படி மூடாமல் விட்டுவருகிறது. பூனைக்கு மறைக்கவும் தெரியும், விளம்பரம் செய்யவும் தெரியும். பள்ளிக்கூடப் பாடத்தில் முதல் பாதிதான் இருந்தது.

இந்தப் பழக்கத்தைக் குட்டிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறந்து மூன்று வாரம் வரை பூனைக்குட்டியால் தானாக மூத்திரம்கூடப் போக முடியாது. தாய் அதன் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கிக் கொடுத்தால்தான் வெளியேறும். வருவதைத் தாயே நக்கி விழுங்கிவிடும். பால்குடிக் குட்டிகள் கிடக்கும் அட்டைப் பெட்டி நாறாமல் இருப்பது இதனால்தான். நான்காவது வாரத்தில் குட்டி தள்ளாடி நடந்து, பொலபொலவென்ற மண்ணைத் தேடிப் போய் முன்னங்காலால் பறிக்கும். தாயில்லாமல் வளர்ந்த குட்டியும் இதையேதான் செய்யும். வீடு கட்டக் கொட்டிய மணலும் மாடித் தோட்டத் தொட்டியும் பூனைக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று இனிக் கேட்க வேண்டாம். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோவ் என்பவர், பூனைக்குச் சாம்பல் வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு, ஈரம் உறிஞ்சும் களிமண் வகை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். இன்று கடையில் விற்கும் ‘கேட் லிட்டர்’ வணிகம் அதிலிருந்து கிளம்பியதுதான். அந்த மண் வேறொன்றுமில்லை, நாம் முகத்தில் பூசும் முல்தானி மெட்டியின் இனம்.

இனி நாற்றத்துக்கு வருவோம். வறண்ட நிலத்து மூதாதையிடமிருந்து பூனைக்குச் சிக்கனமான சிறுநீரகம் வாய்த்திருக்கிறது. நம் சிறுநீரகம் மூத்திரத்தை இரத்தத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அடர்த்திவரைதான் சுண்டவைக்கும். பூனையுடையது பத்து மடங்குவரை சுண்டவைக்கும். யூரியா நிறைய, அதைக் கிருமிகள் உடைப்பதால் வரும் அம்மோனியாவும் நிறைய. ஆனால் அம்மோனியா வீச்சம் எந்தப் பொதுக் கழிப்பறையிலும் இருப்பதுதான். கடுவன் மூத்திரத்துக்கென்றே உள்ள அந்தக் காட்டமான நெடி அம்மோனியாவால் வருவதில்லை.

பூனையின் மூத்திரத்தில் விசித்திரமான அமினோ அமிலம் ஒன்று இருப்பது 1950களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1953இல் வெஸ்டால் என்ற ஆய்வாளர் அதைப் பிரித்தெடுத்தார். கந்தகம் கொண்ட அந்தச் சேர்மத்துக்குப் ஃபெலினின் என்று பெயர். புரதம் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் இது சேராது; பூனை இதைத் தயாரிப்பதே வெளியே அனுப்பத்தான். எப்படித் தயாரிக்கிறது என்பது அரை நூற்றாண்டுக் காலம் விளங்காமலேயே இருந்தது.

விளங்கவைத்தவர் ஜப்பானைச் சேர்ந்த மசாவோ மியாசாகி. அவர் கையில் எடுத்தது எந்தக் கால்நடை மருத்துவருக்கும் தெரிந்த ஒரு முரண். ‘யூரின்ல அல்புமின் போகுது’ என்று பரிசோதனையில் வந்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். நல்ல சிறுநீரகம் புரதத்தை வெளியே விடாது. ஆனால் துள்ளி விளையாடும் ஆரோக்கியமான பூனையின் மூத்திரத்தில் எப்போதும் புரதம் இருக்கிறது. என்ன புரதம் அது? 2003இல் மியாசாகி குழு அதைப் பிரித்து அடையாளம் கண்டு, காக்சின் என்று பெயரிட்டது. அது சிறுநீரகம் ஓட்டையாகிக் கசிந்த புரதம் அல்ல. சிறுநீரகக் குழாய்ச் செல்களே தயாரித்து, வேண்டுமென்றே மூத்திரத்தில் கலந்துவிடும் ஒரு நொதி. உணவைச் செரிக்க வயிற்றில் நொதி சுரப்பது தெரிந்த செய்தி. கழிவில் கலந்துவிட ஒரு நொதியா? அதற்கு அங்கே என்ன வேலை?

விடை 2006இல் வந்தது. பூனையின் கல்லீரலில், எல்லா விலங்குகளிடமும் உள்ள குளுட்டாதயோன் என்ற மூன்று அமினோ அமிலச் சங்கிலி இருக்கிறது: குளுட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின். நடுவிலிருக்கும் சிஸ்டீனின் கந்தகத்தில், கொழுப்புத் தயாரிப்புப் பாதையிலிருந்து வரும் ஐந்து கார்பன் துண்டு ஒன்று ஒட்டிக்கொள்கிறது. சிறுநீரகத்துக்கு வந்ததும் ஒரு முனையிலிருக்கும் குளுட்டமிக் அமிலம் கழற்றப்படுகிறது. மற்ற விலங்காக இருந்தால் வேலை வேறு திசையில் போயிருக்கும். பூனையிலோ, மூத்திரத்துக்குள் காத்திருக்கும் காக்சின் இன்னொரு முனையிலிருக்கும் கிளைசினை வெட்டிவிடுகிறது. மிச்சம் நிற்பது ஃபெலினின். அதாவது தயாரிப்பின் கடைசிக் கட்டம் உடல் திசுவுக்குள் நடப்பதில்லை, வெளியேறப்போகும் மூத்திரத்திலேயே நடக்கிறது. பூனையின் சிறுநீர்ப்பை வெறும் சேமிப்புத் தொட்டி இல்லை, வேதிக் கூடம்! இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, வாசகியின் கேள்விக்கு விடையும் அதில்தான். ஃபெலினின் ஆவியாகாது, ஆகவே அதற்கு மணமே கிடையாது எனலாம். கதவில் காய்ந்து ஒட்டிய பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, மெர்காப்டோ-மெத்தில்பியூட்டனால் முதலான கந்தகச் சேர்மங்களை வெளிவிடுகிறது. நாறுவது அவைதான். சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று சிலிண்டரில் கலக்கும் எத்தில் மெர்காப்டனும் இதே குடும்பம்; மிகமிகச் சிறிய அளவையும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். எல்லா மணத்தையும் முதல் நாளே கொட்டித் தீர்த்துவிடாமல், ஊதுபத்தி புகைவதுபோல் நாள்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு. வாசகி கழுவியது மேலே ஏற்கெனவே வந்துவிட்ட மணத்தை. மரத்தின் இழைக்குள் ஊறிய ஃபெலினின் அப்படியே இருக்கிறது. அது சாயங்காலம் தன் வேலையைத் தொடர்கிறது.

கருத்தடை அறுவை செய்யாத கடுவனில் காக்சினும் அதிகம், ஃபெலினினும் அதிகம். பெட்டைக்கும் அறுவை செய்த ஆணுக்கும் மிகக் குறைவு. மூன்று மாதம் நிரம்பாத குட்டியின் மூத்திரத்தில் காக்சினைக் காண்பதே அரிது. ஃபெலினினுக்கு வேண்டிய கந்தகம் இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே கடுவன் மூத்திரத்தின் நெடி மற்ற பூனைகளுக்குச் சொல்லும் செய்தி இதுவாக இருக்கலாம்: இங்கே வளர்ந்த ஆண் ஒருவன் இருக்கிறான், நன்றாக வேட்டையாடித் தின்கிறான். அதைப் படிக்கும் பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? சுவரை முகர்ந்துவிட்டு, மேலுதட்டைத் தூக்கி, வாயைப் பாதி திறந்து, கண் சொருகச் சில நொடி அப்படியே நிற்கும். அருவருப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மேல்வாயிலிருக்கும், மணச் செய்திகளை உணரும் யாகோப்சன் உறுப்புக்கு மணத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

பீய்ச்சும்போது கடுவன் உட்காருவதில்லை. சுவருக்குப் பின்புறம் காட்டி நின்று, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்து, வாலை நட்டுக்குத்தலாக நிறுத்தி நுனியை நடுங்கவிட்டுப் பின்னோக்கி அடிக்கும். அப்படி அடிக்கும் மூத்திரத்தில் வேறு ஏதோ சுரப்பும் சேர்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். 2025இல் மியாசாகி குழுவினர் சோதித்தபோது, பீய்ச்சிய மூத்திரமும் சிறுநீர்ப்பையிலிருந்து நேராக எடுத்த மூத்திரமும் மணத்தில் வேறுபடவில்லை. வேறுபாடு தெரிந்தது மற்ற விலங்குகளின் மூத்திரத்தோடு ஒப்பிட்டபோதுதான்: பூனையுடையது செங்குத்தான பரப்பில் உருண்டு வழியாமல் பரவி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டும் தன்மையைத் தருவது, நம் பழைய காக்சினேதான். மணத்தைத் தயாரிப்பதும் அதுவே, மணத்தைச் சுவரில் பிடித்துவைப்பதும் அதுவே.

ஜப்பானில் இருபதாண்டுக்கு மேல் பூனை மூத்திர ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம்மூரில் இப்படியொரு விண்ணப்பம் போனால் என்ன ஆகும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நாடு முழுதும் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது, 2020-21 கணக்குப்படி, மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடு. அதிலும் ‘இதனால் என்ன பயன்’ என்ற கேள்வியைத் தாண்டி வருவது சொற்பம். பயன் தானாக வரும். சிறுநீரகம் கெட்ட பூனைக்கு மூத்திரத்தில் அல்புமின் கூடும், காக்சின் குறையும். இரண்டையும் பிரித்தறியத் தெரிந்ததால்தான் ஆரோக்கியப் புரதத்தையும் நோய்ப் புரதத்தையும் மருத்துவர் குழப்பிக்கொள்ளாமல் இருக்க முடிகிறது.

சரி, மதுரைக் கதவுக்கு என்ன செய்வது? கருப்புப் பினாயிலை விட்டுவிடுங்கள். அதிலிருக்கும் ஃபீனால் வகைகளைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனைக்குச் சரிவர இல்லை. காலில் பட்டதை நக்கினாலே ஆபத்து. பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே குறைபாட்டால்தான். ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம். அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சுவாயு கிளம்பும், மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்குக் கெடுதல். செல்லப்பிராணிக் கடைகளில் நொதி கலந்த துப்புரவுத் திரவம் கிடைக்கும். அதை நன்றாக ஊறும்படி ஊற்றி, அவசரப்படாமல் தானாகக் காயவிட வேண்டும்.

கடுவன் வாசலில் மூத்திரம் பெய்தால் வீட்டுக்கு ஆகாது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள். இது கொடுமை, வீண்வேலையும்கூட. காலியான எல்லைக்கு அடுத்த கடுவன் வந்து தன் பெயரை எழுதும். கருத்தடை அறுவை செய்தால் பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுவதை நிறுத்திவிடும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டிலிருந்து பூனையைத் துரத்துவதும் தேவையில்லை. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை பூனை மலத்தில் வரும் என்பது உண்மை. 1970 வாக்கில் அதை நிறுவியவர்களில் இந்தியாவில் பிறந்த கால்நடை அறிவியலாளர் ஜே. பி. துபேயும் ஒருவர். ஆனால் பூனை அதை வெளியேற்றுவது பெரும்பாலும் முதல் தொற்றின்போது ஓரிரு வாரம்தான். வந்த முட்டையும் தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். மணல் பெட்டியை வீட்டில் வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத இறைச்சியிலும் கழுவாத கீரையிலும் கவனமாக இருங்கள்.

வீட்டுக்குள் ஆண் பூனை வளர்ப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டிக்கு அடிக்கடி போய் முக்கிக்கொண்டு உட்கார்ந்தும் சொட்டு மூத்திரமும் வரவில்லை என்றால், மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகியது. படிகத் துகளும் சளியும் சேர்ந்து அடைத்துவிடும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.